நாய் யாருடையது?

பிள்ளைக்கு நான்கு வயதாகிவிட்டது, விளையாட ஒரு நாய்க்குட்டி எடுத்துக் கொடுக்கலாமா, முயல் நல்லதா, இல்லை மீன் தொட்டியே போதுமா என்று மட்டக்களப்பில் இளம் பெற்றோர் கேட்கிறார்கள். பிள்ளைக்கு எது பிடிக்கும், எந்த வயதில் எது பொருந்தும் என்றுதான் பேச்சு போகும். நான் கேட்பது வேறு. அந்தப் பிராணி வீட்டில் எந்தப் பெரியவருடையது? பிள்ளை காய்ச்சலில் படுத்திருக்கும் நாளில் அதற்குச் சோறு வைப்பவர் யார், ஊசி போடக் கொண்டுபோகிறவர் யார், வெள்ளம் வளவுக்குள் ஏறினால் கட்டை அவிழ்த்துவிடப் போகிறவர் யார்? ஒருவருடைய பெயர் தயக்கமில்லாமல் பதிலாக வந்தால் எந்தப் பிராணி என்பது பாதி முடிவாகிவிடும். வராவிட்டால் மீன் தொட்டிகூட வேண்டாம் என்றுதான் சொல்வேன். பிள்ளைக்கென்று ஒரு பிராணியை வாங்குவதைவிட, வீட்டுக்கென்று பெரியவர் ஒருவர் வளர்க்கும் பிராணியோடு பிள்ளையைப் பழகவிடுவதே சரி என்பது என் நிலைப்பாடு. அந்தப் பிராணியும் பெரும்பாலும் கடையில் இருப்பதல்ல, இந்த மண்ணுக்குப் பழகிய ஊர் நாயோ பூனையோதான். வாவியின் இரு கரைகளிலும் நான் பார்த்து வளர்ந்த வளவுகளின் நினைவிலிருந்துதான் இதைச் சொல்கிறேன். அந்த நினைவில் நல்லதும் உண்டு, பயங்கரமும் உண்டு. இரண்டையுமே சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே எழுவான்கரை; மேற்கே வயலும் மேய்ச்சல் நிலமுமாகப் படுவான்கரை. அக்காலத்து எழுவான்கரை வளவு கிடுகு வேலிக்குள் கூட்டிப் பெருக்கிய வெண்மணல். திண்ணைக்குக் கீழே குழி பறித்துப் படுத்திருக்கும் நாய், குசினி வாசலில் மீன் வெட்டும் நேரம் பார்த்து வந்து நிற்கும் பூனை, குஞ்சுகளோடு குப்பை கிளறும் ஊர்க்கோழி, வேலியோரம் ஓர் ஆடு. படுவான்கரையில் இவற்றோடு மாடும் எருமையும். இவற்றில் எதுவும் எந்தப் பிள்ளைக்கும் பரிசாகக் கொடுக்கப்பட்டதில்லை. எல்லாம் வீட்டுக்குரியவை, வேலைக்குரியவை. பிள்ளை அவற்றுக்கிடையே தவழ்ந்து, நடந்து, வயதுக்கேற்ற பங்கை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. மூன்று வயதில் திண்ணையில் இருந்து பார்ப்பது, ஆறு வயதில் கோழிக்குக் குறுணி எறிவது, பத்து வயதில் ஆட்டை மாற்றிக் கட்டுவது என்று பங்கு கூடிக்கொண்டே போனது. அந்தப் பங்கு தவறினாலும் ஆடு பட்டினி கிடக்கவில்லை, ஏனென்றால் பின்னால் எப்போதும் ஒரு பெரியவர் நின்றார்.

அந்தப் பெரியவர் எப்போதும் இருந்ததற்கு இந்த மண்ணுக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. இங்கே வீடு பெண்வழியில் போகும். மகளுக்குச் சீதனமாக வீடும் வளவும். மணமகன் அங்கே வந்து குடியேறுவான். அதனால் பெத்தம்மாவின் வீட்டுக்குப் பக்கத்தில் அம்மாவின் வீடு, அதற்குப் பக்கத்தில் சின்னம்மாவின் வீடு என்று ஒரே வேலிக்குள்ளோ அடுத்த வேலியிலோ பெண்கள் சேர்ந்தே இருந்தார்கள். அக்கரைப்பற்றை மையமாக வைத்து ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008 இல் வெளியிட்ட நூலில் இந்தத் தாய்வழி வழக்கம் தமிழர், முஸ்லிம்கள் இருசாராரிடமும் இருப்பதை விரிவாக எழுதியிருக்கிறார். அவர் தாய்வழிக் குடி முறையையும் கோயில் உரிமையையும் பார்த்தார். அதே ஏற்பாட்டுக்குள் நாய்க்கும் பூனைக்கும் ஒரு காப்பு இருந்ததை நான் சேர்த்துச் சொல்வேன். ஒரு வீட்டில் அடுப்பெரியாத நாளில் அடுத்த வீட்டில் சோறும் மீன் ஆணமும் மிஞ்சியிருக்கும். இன்று அந்தக் காப்பைக் கேள்வியில்லாமல் நம்ப முடியாது. வேலிகள் மதிலாகிவிட்டன. அம்மா மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார், அல்லது தாயும் தகப்பனும் காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள். முன்பு ஊர் அமைப்பே கொடுத்த பதிலை இப்போது ஒவ்வொரு வீடும் தானே தேட வேண்டியிருக்கிறது. அதனால்தான் பெரியவரின் பெயரை முதலில் கேட்கச் சொல்கிறேன்.

இரண்டாவது சாட்சி, இங்கு யாரும் விரும்பி நினைப்பதில்லை என்றாலும், இந்த விடயத்தில் தவிர்க்க முடியாதது. மட்டக்களப்பு பலமுறை ஓடிய ஊர். 1978 நவம்பர் 23 இல் சூறாவளி. 1990 இலும் அதன் பின்னும் போர். 2004 டிசம்பர் 26 இல் கல்லடி, நாவலடிக் கரையைக் கடல் அள்ளிக்கொண்டு போனது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் அந்த மணல்திட்டில் ஓடித் தப்ப இடமே இருக்கவில்லை. 2007 இன் தொடக்க மாதங்களில் போரால் படுவான்கரையின் ஊர்கள் வெறுமையாகி, மக்கள் பல்லாயிரக்கணக்கில் எழுவான்கரைக்கு வந்தார்கள். 2011 ஜனவரியில் வெள்ளம். ஒவ்வொரு முறையும் பெரியவர்கள் கடைசியாகச் செய்த வேலை மாட்டின் கயிற்றை அவிழ்ப்பதும் கோழிக்கூட்டைத் திறந்துவிடுவதும்தான். கட்டிக் கிடந்ததும் கூட்டில் கிடந்ததும் செத்தன. அவிழ்த்துவிட்டவற்றில் சில பிழைத்தன. பூனை வீட்டை விட்டு வராது, வீடு காலியானாலும் எலி பிடித்து வாழத் தெரிந்தது. நாய் ஆட்களின் பின்னால் துறைவரை வரும், ஏற்ற இடமிருக்காது. திரும்பி வந்தவர்கள் கண்டது கூட்டமாகச் சேர்ந்து ஆட்களை அண்ட விடாத நாய்களை.

இந்தப் பாடத்தை வேறு நாடுகளும் படித்திருக்கின்றன. 2005 இல் அமெரிக்காவில் கத்ரீனா சூறாவளி வந்தபோது வீட்டுப் பிராணிகளை விட்டுவர மனமில்லாமல் பலர் வீட்டிலேயே தங்கினார்கள். அடுத்த ஆண்டே பேரிடர்த் திட்டங்களில் வீட்டுப் பிராணிகளையும் சேர்க்கச் சட்டம் வந்தது. நமது இடைத்தங்கல் முகாம்களில் மனிதருக்கே இடம் போதவில்லை, நாயைப் பற்றி யார் பேசுவது. ஆகவே ஒரு பிராணியை எடுக்குமுன் அதைக் கையில் தூக்கிக்கொண்டு போகலாமா, போக முடியாவிட்டால் அவிழ்த்துவிட்ட நிலையில் அது நான்கு நாள் உயிர் பிழைக்குமா என்று பார்ப்பது எங்கள் பக்கத்தில் மிகை எச்சரிக்கை அல்ல. மாரி ஒவ்வொரு ஆண்டும் வருகிறது. வாவியோரத் தாழ்நிலங்களில் நீர் ஏறுவதும் புதிதல்ல. கண்ணாடித் தொட்டியும் இரும்புக் கூடும் இந்தப் பரீட்சையில் தேறுவதில்லை. ஊர் நாயும் பூனையும் தேறுகின்றன.

ஆனால் ஊர் நாயைப் பரிந்துரைப்பவர் விசர்நாய்க்கடியைப் பற்றிப் பேசாமல் தப்ப முடியாது. பேசாவிட்டால் அது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். 1973 இல் இலங்கையில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசியும் கடிபட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசச் சிகிச்சையும் பரவியதால் அண்மைக் காலத்தில் அந்த எண்ணிக்கை ஆண்டுக்குச் சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. குறைந்ததே தவிர ஒழியவில்லை. அறிகுறி வெளிப்பட்ட பின் இந்த நோயிலிருந்து பிழைப்பது ஏறத்தாழ இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், விசர் பிடித்ததென்று சந்தேகிக்கப்படும் மிருகங்கள் கடிப்பவர்களில் ஏறத்தாழ 40 வீதம் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். உயரம் குறைவு என்பதால் அவர்களுக்குக் கடி முகத்திலும் கழுத்திலும் விழுகிறது. மூளைக்குப் பக்கத்தில் விழும் கடியில் நேரமும் குறைவு. 1885 ஜூலையில் லூயி பாஸ்டரின் தடுப்பு மருந்து முதன்முதலில் வெற்றிகரமாகச் செலுத்தப்பட்ட ஜோசப் மைஸ்டர் ஒன்பது வயதுப் பையன் என்பது தற்செயல் அல்ல. நாய்க்கடி என்றைக்கும் பிள்ளைகளின் ஆபத்து.

என் சிறுவயது வளவுகளில் இந்த ஆபத்து கண்ணை மூடிக்கொண்டு சகிக்கப்பட்டது. குட்டி நாய் கீறினால் ஒன்றுமில்லை என்ற நம்பிக்கை இருந்தது. பிள்ளைகளும் அடி விழும் என்று பயந்து கீறலை மறைத்தார்கள். அந்தப் பழைய வளவை அப்படியே மீட்கச் சொல்லவில்லை நான். அதில் விட்டுப்போன ஒன்றை அதனுடன் சேர்க்கச் சொல்கிறேன்: ஆண்டுதோறும் தடுப்பூசி. அதைப் போட்டு, அட்டையைப் பத்திரப்படுத்துவது பெரியவரின் வேலை, பிள்ளையினால் முடியாது. கால்நடை வைத்தியரிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் ஊசி முகாம்களிலும் அதற்கு வழி உண்டு. பூனைக்கும் இதே ஊசி வேண்டும். பூனையிலிருந்தும் இந்த நோய் வரும். பெட்டை நாய்க்குக் கருத்தடையும் செய்துவிட்டால் ஆண்டுக்கு இருமுறை பிறந்து சந்தியில் விடப்படும் குட்டிகளின் கூட்டம் குறையும். கடித்தாலோ கீறினாலோ உடனே சவர்க்காரமும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும், மஞ்சள் பூசி வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பிள்ளைக்கும் சொல்லிவைக்க வேண்டியது: கீறினால் அடிக்க மாட்டேன், உடனே வந்து சொல். இந்த ஒரு வாக்குறுதி ஓர் உயிரைக் காப்பாற்றக் கூடும்.

அப்படியானால் சந்தியில் திரியும் நாயை விட்டுவிட்டு, கொழும்பிலிருந்து நல்ல இன நாய்க்குட்டியை எடுப்பது பாதுகாப்பல்லவா என்ற எதிர்வாதம் நியாயமானது. நல்ல குணத்துக்கென்றே வளர்க்கப்பட்ட இனங்கள் இருப்பது உண்மை. ஆனால் பிள்ளைகளைக் கடிப்பவை பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்த நாய்களே என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். இனத்தைவிட, சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குட்டிகளோடு இருக்கும்போதும் நாயைப் பிள்ளை தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்டார்களா என்பதே கடியைத் தீர்மானிக்கிறது. அடர்ந்த உரோமப் பொமரேனியனும் அல்சேஷனும் வெயில் காலத்து மட்டக்களப்பில் மூச்சு வாங்கிக் கிடப்பதை எவரும் பார்க்கலாம். 2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதி உணவின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, பெட்டி உணவுக்குப் பழகிய நாய்களை வைத்திருந்தவர்கள் பட்ட பாடும் நினைவிருக்கும். ஊர் நாய் சோறும் மீனும் தின்று இந்த வெப்பத்தில் வாழப் பழகியது. சந்தியில் திரியும் எந்த நாயையும் பிடித்து வாருங்கள் என்பதல்ல நான் சொல்வது. இரண்டு மூன்று வயதான, உறவினர் வீட்டிலோ அயலிலோ வளர்ந்து பிள்ளைகளோடு இருந்து பழகிய, குணம் தெரிந்த ஒன்று. குட்டியின் குணத்தை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வளர்ந்த நாயைப் பற்றி அயலில் பத்துப் பேர் சொல்வார்கள். குட்டிக்கு முதல் ஆறு மாதம் இரவுபகலாக வேலை செய்ய வேண்டும். சிறு பிள்ளையுள்ள வீட்டில் அந்தக் கூடுதல் வேலையும் பெரும்பாலும் தாயின் தலையில்தான் விழும்.

இன்னொரு எதிர்வாதம் படித்தவர்களிடமிருந்து வருகிறது: பிராணியைப் பிள்ளைக்கே சொந்தமாக்கினால்தானே பொறுப்பு வரும்? இந்த வாதம் பழமையானது. ஆங்கில மெய்யியலாளர் ஜான் லொக் 1693 இல் எழுதிய கல்விச் சிந்தனை நூலில், தம் பெண்பிள்ளைகள் கேட்ட நாயையும் அணிலையும் பறவையையும் கொடுத்து, அவற்றைச் சரியாகப் பார்க்கத் தவறினால் பறித்துவிடும் ஒரு தாயைப் புகழ்கிறார். அவர் காரணம் உயர்ந்தது: சிறு உயிரைத் துன்புறுத்திப் பழகும் பிள்ளை மனிதரிடமும் கொடுமையாக இருக்கும் என்பது. அதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் உற்றுப் பார்த்தால், உண்மையில் பிராணியைக் காத்தது அந்தத் தாயின் கண். கவனிப்பாரற்றுப் போன அணிலைக் கண்டுபிடிக்க ஒரு பெரியவர் தினமும் பார்த்திருக்க வேண்டும். ஐந்தாறு வயதுக்கு முன் ஒரு பிராணியைத் தனியே பராமரிக்கும் பக்குவம் பிள்ளைக்கு வராது என்பதைக் குழந்தை வைத்தியர்களும் சொல்கிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு உயிரைப் பொறுப்பாகக் கொடுத்து, அது தவறும்போது பிராணி வருந்துவதைப் பாடமாக்குவது சரியல்ல; அந்தப் பாடத்தின் செலவைப் பிராணி கட்டுகிறது. பெரியவர் தினமும் மாலையில் நாய்க்குச் சோறு வைப்பதைப் பார்த்து, பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து, பிறகு தானே வைக்கும் பிள்ளையிடம் அந்தப் பொறுப்பு தண்டனைப் பயமில்லாமல் வருகிறது.

நாயைப் பற்றி இவ்வளவு சொன்னபின், காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் உள்ள முஸ்லிம் வீடுகளுக்கு இது பொருந்தாது என்று தெரியும். ஷாபி மார்க்கச் சட்டத்தில் நாயின் எச்சில் அசுத்தம். அந்த வீடுகளில் நாயை வலியுறுத்துவது மரியாதையல்ல. அங்கே பூனைக்கு நீண்ட மரியாதை இருக்கிறது. நபித்தோழர் அபூஹுரைராவின் பெயரே பூனைக்குட்டியை ஒட்டி வந்தது. வாவி மீன் தினமும் வரும் வீட்டில் பூனையை வளர்க்கச் செலவும் அதிகமில்லை. சின்ன வளவோ மாடி வீடோ இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் நாயைவிடப் பூனையே பொருத்தம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பூனை தூக்கிக் கசக்குவதைப் பொறுக்காது, விலகிப் போக அதற்கு உயரமான இடம் வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கோழியும் குஞ்சும் பார்ப்பதற்கு மிகச் சிறந்தவை. இருபத்தொரு நாள் அடை முடிந்து முட்டை உடைவதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்துக்கு எந்தப் பொம்மையும் ஈடாகாது. ஆனால் கையில் எடுத்துக் கொஞ்சுவதற்கல்ல, குஞ்சுகளில் சல்மொனெல்லாக் கிருமி இருக்கும். பார்த்தபின் சவர்க்காரத்தால் கை கழுவ வேண்டும். முயல் எங்கள் வெப்பத்துக்கு வாடும். தூக்கினால் உதறும், உதறலில் முதுகெலும்பு முறியலாம்.

காட்டிலும் வாவியிலும் பிடித்தவற்றைப் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன். கூட்டுக்கிளி, குஞ்சிலேயே எடுத்த அணில், நட்சத்திர ஆமை எல்லாம் எங்கள் பக்கத்து வீடுகளில் இருந்தவை, பெரும்பாலும் அழகாக இருந்து அகாலத்தில் செத்தவை. நட்சத்திர ஆமை இலங்கையில் சட்டத்தால் காக்கப்பட்டது. 2019 முதல் அதன் வணிக வர்த்தகத்தை உலகளவிலும் தடுத்திருக்கிறார்கள். ஆமைகளால் பிள்ளைகளுக்குக் குடல்நோய் வந்ததால் 1975 இலேயே அமெரிக்கா சிறு ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது. வாவியில் போத்தலில் பிடித்த மீனைக் கிணற்று நீருக்குள் விட்டுக் காலையில் மிதப்பதைக் காண்பது வாவிக்கரைப் பிள்ளைகள் பலரின் முதல் பிராணி அனுபவம். உவர்நீர் மீன் நன்னீரில் வாழாது என்பதை ஒரு பெரியவர் முன்பே சொல்லி, அந்த மீனைக் கரையிலேயே பார்த்துவிட்டு விடச் செய்திருக்கலாம்.

நாய் இருந்தால் பிள்ளைக்கு இழுப்பு வரும், புழு வரும் என்று அஞ்சுவோருக்கு: புழு உண்மை, அதனால் நாய்க்கும் பூனைக்கும் காலந்தவறாமல் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும், பிள்ளை விளையாடும் மணலில் அவற்றின் கழிவு கிடக்கக் கூடாது. மாரி வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சலையும் நினைவில் வைக்க வேண்டும். இழுப்பு விடயத்தில் 2015 இல் வெளியான சுவீடனின் பெரிய ஆய்வு வேறு திசையைக் காட்டியது: முதல் வயதில் வீட்டில் நாய் இருந்த பிள்ளைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு ஏறத்தாழ 13 வீதம் குறைவாகவும், பண்ணை விலங்குகளோடு இருந்தவர்களுக்கு அதனினும் குறைவாகவும் இருந்தது. சுவீடன் மட்டக்களப்பு அல்ல. ஏற்கெனவே இழுப்புள்ள பிள்ளையின் வீட்டில் வைத்தியரைக் கேட்காமல் எதையும் எடுக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று, அதுவே பெற்றோர் சொல்லத் தயங்குவது. நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும், பிறகு சாகும், பிள்ளை தாங்குமா? ஆட்டுக்குட்டி என்றால் அந்தக் கேள்வி முன்பே வந்துவிடும், ஏனென்றால் அது திருவிழா விருந்துக்கோ குர்பானுக்கோ போகப் போகிறது. இந்த விடயத்தில் பழைய வளவுகள் நேர்மையாக இருந்தன. அறுக்கப்போகும் ஆட்டுக்குப் பிள்ளை பெயர் வைக்கப் பெரியவர்கள் விடவில்லை, அல்லது பெயர் வைத்தபின் அதை அறுக்கவில்லை. பிள்ளைக்குத் தெரியாமல் விற்றுவிட்டு ஓடிப்போய்விட்டது என்று பொய் சொல்வதுதான் தவறு. பிள்ளை அந்தப் பொய்யை ஒருநாள் கண்டுபிடிக்கும், அதன்பின் பெரியவர் சொல்லும் எதையும் நம்பாது. போரிலும் கடலிலும் எங்கள் தலைமுறை பலரை இழந்தது. பலருடைய இழப்பைப் பிள்ளைகளிடம் எவரும் நேரே சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதன் சுமை இன்னும் இருக்கிறது. நாய் நோயுற்றால் அது பிழைக்காது என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு எளிய சொற்களில் சொல்லலாம். செத்தபின் வளவின் மூலையில் புதைக்கும்போது பிள்ளை வர விரும்பினால் கூட நிற்கட்டும், விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். மறுநாளே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து அழுகையை நிறுத்தப் பார்க்க வேண்டாம். குடும்பம் கனடாவுக்கோ வேறெங்கோ புறப்படுவதானால், நாயைப் பெத்தம்மாவோ சின்னம்மாவோ ஏற்றுக்கொள்கிறார்களா என்பதைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே முடிவு செய்து, அந்த ஒரு மாதமும் அவர்கள் கையாலேயே அதற்குச் சோறு வைக்கச் செய்ய வேண்டும்.